பின்கண்ணாடிக்கு அடியில் தேங்கிய மழை

திருவனந்தபுரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசினால், பேச்சு சீக்கிரமே துருவுக்கு வந்துவிடும். எஞ்சின் வேலைக்கு ஆள் உண்டு. பாகமும் எப்படியாவது கிடைத்துவிடும். தகரம் போனால்தான் தலைவலி. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி இறங்குகிறது. அது ஓய்ந்து மண் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்துக்கு மேகம் கட்டிவிடுகிறது. மேற்கே வேளி, சங்குமுகம், வலியதுறை, பூந்துறை என்று வரிசையாகக் கடற்கரை. காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். உப்பும் கூடினால் அது வேகம் பிடிக்கும்.

துரு கண்ட இடத்திலெல்லாம் பிடிப்பதில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே பிடிக்கும். அம்பாசிடரில் அப்படிச் சில இடங்கள் உண்டு: கதவுகளின் அடி மடிப்பு, வாசற்படியின் உட்புறம், டிக்கியின் தளம், மட்கார்டின் வளைவு. இவற்றைக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். யார் கண்ணிலும் படாத இடம் பின்கண்ணாடியின் கீழ்ப்பக்கம். ரப்பர் பீடிங்குக்குள் தகர விளிம்பு மறைந்திருக்கிறது. கூரையின் பின்பாதியில் விழும் மழை அந்தக் கண்ணாடி மேல்தான் வழிந்து இறங்குகிறது. மரத்தடியில் நிறுத்தினால் சருகும் பூவும் கீழ் மூலைகளில் ஒதுங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கியதும் தண்ணீர் உள்ளே நுழையும். நுழைந்தது வெளியேற வழி இருக்காது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. அந்தப் பருமன்தான் பெயின்டை மேலே தள்ளிக் கொப்புளமாகக் காட்டுகிறது. வெளியே பட்டாணி அளவு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே விளிம்பு அரித்துப் போயிருக்கும்.

எங்கள் கார் 1974இல் செய்த மார்க் 2 அம்பாசிடர். அப்பா சாலைக் கம்போளம் என்ற சந்தையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். காரைச் செகண்ட் ஹாண்டாகத்தான் வாங்கினார். புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தேர்ந்தெடுக்கவும் அதிகம் இல்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டும் அதன் தம்பி கெஸலும். சந்தையில் இருந்தது அவ்வளவுதான். திருவனந்தபுரமோ அன்றைக்கு முழுக்க அம்பாசிடர் ஊர். தலைமைச் செயலகத்து வாசலிலும் அதுதான், தம்பானூர் டாக்ஸி ஸ்டாண்டிலும் அதுதான். கே.எல்.டி. என்று தொடங்கும் நம்பர் பலகையோடு எங்கள் கார் கடைக்குச் சரக்கு ஏற்றியது, நாகர்கோவில் கல்யாணங்களுக்குப் போனது, வளைகுடாவிலிருந்து வந்த உறவினர்களை விமான நிலையத்திலிருந்து அட்டைப்பெட்டிகளோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது.

பாத்திரம் விற்பவருக்குப் பளபளப்பில் கண் போவது இயல்பு. பின்கண்ணாடியைச் சுற்றி ஒரு வெள்ளிப் பட்டை ஓட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் கார் வாங்கியவர்கள் பலருக்கும் இந்த அலங்கார ஆசை உண்டு. மெல்லிய இரும்புப் பட்டை, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே குரோமியப் பூச்சு. பட்டையைப் பிடித்து நிறுத்தச் சுற்றிலும் பொடி ஸ்க்ரூக்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் பெயின்டைத் துளைத்துக்கொண்டு தகரத்துக்குள் இறங்கியது. தண்ணீர் உள்ளே போக அத்தனை வாசல் திறந்தது. சில மழைக்காலங்களிலேயே பட்டையில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு ஏறியது, ஸ்க்ரூக்களின் அடியிலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்தன. பின்சீட்டின் முதுகு ஈரமாகி, காருக்குள் எந்நேரமும் பூஞ்சை வாடை அடித்தது.

கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் டிங்கர் வேலை செய்த ஆசானிடம் கார் போனது. மார்த்தாண்டத்துக்காரர். சுவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, விரல் முட்டியால் கீழ் விளிம்பைத் தட்டிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். நல்ல தகரம் கணீரென்றது. துரு தின்ற இடம் மொத்தென்றது.

"அண்ணாச்சி, மேல பட்டி போட்டு மூடித் தந்தா ரெண்டு மழைக்கு நிக்கும். அது போதுமா, வெட்டி எடுத்து வைக்கணுமா?"

"வெட்டியே வையும் ஆசானே" என்றார் அப்பா.

பள்ளி விடுமுறை நாள்களில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த வேலையை நான் பார்த்தேன். இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்கு முதல் நாள் சாயங்காலமே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டார். காலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு ஒரு திருகு. பாதி கழன்றது, பாதி முறிந்தது. பட்டையை எடுத்த பிறகு கண்ணாடி. பையன்கள் இரண்டு பேர் வெளியே உள்ளங்கையை விரித்துத் தாங்கி நிற்க, ஆசான் பின்சீட்டில் மல்லாந்து படுத்தார். ஒரு மரத்துண்டால் ரப்பரின் உதட்டை நெம்பிக்கொண்டே, கண்ணாடியின் மேல் மூலையை இரண்டு பாதங்களாலும் மெல்ல அழுத்தினார். இரும்புக் கருவி எதையும் பக்கத்தில் விடவில்லை. பதப்படுத்திய கண்ணாடி நடுவில் அடி தாங்கும். விளிம்பில் ஒரு சின்ன இடி பட்டால் மொத்தமும் பொடியாகக் கொட்டிவிடும். கண்ணாடி ரப்பரோடு சேர்ந்து முழுசாக வெளியே வந்தது. கீழே தகர விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் செதில் செதிலாகச் செம்மண் நிறத்தில் ஏதோ இருந்தது. டிரைவரை வைத்து அழுத்தினார். முனை டிக்கிக்குள் போய் எட்டிப் பார்த்தது.

"நல்ல தகரம் வருகிறது வரைக்கும் வெட்டணும் மக்கா. துருவு கண்ட இடத்தோட நிறுத்தினா நம்மள ஏச்சுப்போடும், கேட்டியா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

வெட்டிய இடத்துக்குப் பழைய காலண்டர் அட்டையில் அளவு எடுத்தார். உடைந்த கார் ஒன்றின் பானெட்டிலிருந்து அதே கனத்தில் தகரம் நறுக்கினார். ஒரு தண்டவாளத் துண்டு, ஒரு மரச்சுத்தி. இந்த இரண்டையும் வைத்தே அந்த விளிம்பைச் செய்தார். அந்த இடத்தின் வடிவம் லேசானதல்ல. கண்ணாடி உட்காரும் படி ஒன்று, ரப்பர் கவ்வும் உதடு ஒன்று, இரண்டும் மூலையில் சேர்ந்து வளைய வேண்டும். தட்டுவார், காரில் வைத்துப் பார்ப்பார், விரலால் தடவுவார், மறுபடி தட்டுவார். ஸ்கேல் எடுத்து நான் பார்க்கவில்லை. பிறகு கேஸ் வெல்டிங். கார்பைடுக் கல்லில் தண்ணீர் சொட்டி டிரம்மிலேயே கேஸ் உண்டாக்கினார்கள். அதன் வாடை தெரு முனை வரை வரும். மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால் இந்தக் கோடியில் ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு, இடையில் ஈரத்துணி ஒற்றுவது என்று பொறுமையாகப் போனார். அரம் போட்டு, ரெட் ஆக்சைடு பூசி, பட்டி இழுத்து, வாட்டர் பேப்பர் தேய்த்து, பெயின்டு அடித்தார்.

கண்ணாடி மாட்டியதுதான் எனக்கு ஆச்சரியம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் உள் பள்ளத்தில் மெல்லிய கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு நுனியையும் கீழே நடுவில் விட்டார். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து பொருத்தியதும், ஆசான் காருக்குள் உட்கார்ந்து கயிற்றின் ஒரு நுனியை மெதுவாக இழுத்தார். கயிறு வர வர ரப்பரின் உதடு அதன் பின்னாலேயே எழும்பித் தகர விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. வெளியே பையன் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே கூடவே நகர்ந்தான். சுற்றி முடிந்து கயிறு கையோடு வந்தபோது கண்ணாடி தன் இடத்தில் இருந்தது. நிக்கல் பாலிஷ் போட்டு வந்த பட்டையையும் அப்பாவின் விருப்பப்படி திரும்ப மாட்டினார்கள்.

அவ்வளவு பார்த்துச் செய்த வேலையும் நிலைக்கவில்லை. சில வருடங்களில் அதே மூலையில் கொப்புளம் வந்தது. காரணம் ஆசானின் கையில் இல்லை. கேஸ் தீ தகரத்தின் பின்பக்கத்துப் பூச்சையும் சேர்த்து எரித்துவிடும். அந்தப் பின்பக்கம் டிக்கிச் சட்டத்துக்குள் கை போகாத இடத்தில் இருக்கிறது. அங்கே எதையும் பூச அன்றைக்கு வழியில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் தகரங்களுக்கு நடுவே ஈரம் ஒளிந்துகொள்ளும். ரெட் ஆக்சைடு நீராவியை முழுதாகத் தடுக்காது. பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்க்ரூ ஓட்டைகள் அப்படியே இருந்தன. கை தேர்ந்த கை; அதற்குக் கொடுத்த பொருள் அந்தக் கைக்கு ஈடாக இல்லை. அந்தக் காலத்துப் பழுதுபார்ப்பின் பெருமையும் குறையும் இதில் அடங்கிவிடுகின்றன.

பழையதை வைத்துக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் 1955 மெர்சிடிஸ் பென்ஸ் 180டி காரை ஊரில் அறியாதவர் குறைவு. சி.ஏ.என். 42 என்ற கர்நாடகப் பதிவு எண்ணோடு அது பட்டம் அரண்மனையில் நின்றது. அவர் 2013 டிசம்பரில் காலமாகும் வரை அதைக் கைவிடவில்லை. அரண்மனையில் ஆள் உண்டு, வசதி உண்டு என்று சொல்லலாம். இருந்தும் பல புதுக் கார்கள் வந்துபோன அரை நூற்றாண்டில் ஒரே காரோடு இருக்க வசதி மட்டும் போதாது, மனசும் வேண்டும். அந்த மனசு சாலைத் தெருக் கடைக்காரருக்கும் இருந்தது. அப்பாவிடம் காரை மாற்றச் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் தந்த பதில், ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்பதுதான்.

உத்தரப்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. தம்பானூரில் இன்று ஒரு அம்பாசிடரைப் பார்த்தால் ஆட்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பிறகு கார் என் பொறுப்புக்கு வந்தது. பின்கண்ணாடி மறுபடி ஒழுகத் தொடங்கியபோது ஊரில் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் குறைவில்லை. குளிர்சாதன வரவேற்பறை, கணினியில் பில், எல்லாம் இருந்தன. ஆனால் இன்றைய காரில் பின்கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். அடிபட்ட பேனலை இன்ஷூரன்ஸில் எழுதி முழுசாக மாற்றுகிறார்கள். தகரத்தைத் தட்டி ஒரு வடிவம் கொண்டுவரும் வேலையை யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் கற்பதுமில்லை. ஓரிடத்தில் ரப்பரைச் சுற்றி சிலிக்கனைப் பிதுக்கிவிட்டு, இனி ஒழுகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஒழுக்கு நின்றது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த தண்ணீர் உள்ளேயே அடைபட்டது. மலிவான சிலிக்கன் பல இறுகும்போது காடி வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். வெறும் இரும்பில் பட்டால் துருவுக்கு அதுவே தூண்டுதல். அடுத்த இடவப்பாதி முடிந்தபோது கீழ் விளிம்பு ஒரு முழ நீளத்துக்குப் போயிருந்தது.

கடைசியில் வேலையைச் செய்தவர் ஐ.டி.ஐ. படித்த ஓர் இளைஞர். அவரை அடையாளம் காட்டியவர் பழைய ஆசான்தான். அவர் இப்போது சுத்தியலைத் தொடுவதில்லை, கை நடுங்குகிறது. ஆனாலும் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழைய முறையும் புதிய பொருளும் அன்றுதான் ஒரே இடத்தில் சேர்ந்தன.

வெட்டுவது அதே விதிப்படி நடந்தது; நல்ல தகரம் வரும்வரை. அட்டை அளவு, மரச்சுத்தி, தண்டவாளத் துண்டு, எதுவும் மாறவில்லை. தகரம் 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இளைஞர் அவசரமாக வளைத்ததை ஆசான் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "உதடு ஒரே கனத்துல இருக்கணும் மக்கா. இங்க தடிச்சு அங்க மெலிஞ்சா ரப்பர் கவ்வாது" என்று விரலால் தடவிக் காட்டினார்.

மாறியது மற்றதெல்லாம். கேஸுக்குப் பதில் சி.ஓ.2 வெல்டிங், சூடு சின்ன வட்டத்துக்குள் நிற்பதால் தகரம் நெளியவில்லை, சுற்றிலும் பூச்சு எரிந்ததும் குறைவு. தகரங்கள் ஏறி நிற்காமல் முனையோடு முனை சேர்ந்தன. பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை ஒன்றுவிடாமல் வெல்டு வைத்து அடைத்தார்கள். பள்ளங்களில் மிச்சமிருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கறுப்பாக்கிவிடுகிறது. கழுவிக் காய்ந்த பிறகு எபாக்சி பிரைமர். இது ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதில் ரெட் ஆக்சைடை விட எத்தனையோ கெட்டி. இணைப்புகளில் சீலர். கை போகாத பின்பக்கத்துக்கு, டிக்கி வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு மெழுகுக் கரைசலைப் பீய்ச்சினார்கள். அன்று ஆசானைத் தோற்கடித்த இடம் அதுதான். இன்று அதற்கு ஒரு குழாயும் ஒரு டப்பாவும் போதும்.

வெள்ளிப் பட்டையை விட்டுவிடலாமா என்று யோசித்தபோது, அது அப்பாவின் ஆசை, இருக்கட்டும் என்றே தோன்றியது. ஆனால் முறையை மாற்றினோம். இரும்பில் நிக்கல் பூசியதற்குப் பதிலாக எவர்சில்வர் பட்டை. பாத்திரக் கடைக்காரர் காருக்கு அது பொருத்தமும்கூட. ஸ்க்ரூ எதுவும் இல்லாமல், ரப்பரிலேயே இருக்கும் பள்ளத்தில் செருகியது. எவர்சில்வர் நேராக இரும்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் இரும்புதான் தேயும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் இருப்பதால் அந்தப் பயம் இல்லை. கண்ணாடி மாட்டும்போது மட்டும் ஆசான் நாற்காலியை விட்டு எழுந்தார். சோப்புத் தண்ணீரும் கயிறும் அதே. இழுத்தது இளைஞர், பக்கத்தில் நின்று வேகம் சொன்னது ஆசான். முடிந்ததும் ரப்பரின் வெளி உதட்டில் இரண்டு கீழ் மூலைகளிலும் பிளேடால் நூலளவு கீறல் போடச் சொன்னார். உள்ளே போகிற தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்துவிடும். "வெள்ளத்த வராம தடுக்க உன்னால முடியாது. போறதுக்கு வழி வச்சுக் குடு" என்றார்.

சட்டமும் இப்போது பழைய காரைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. 50 வருடத்தைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுக்கலாம்; அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த விதியின் நோக்கம் நல்லது. ஆனாலும் நான் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். 15 வருடம் தாண்டிய காருக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் கட்டலாம் என்றே முடிவு செய்தேன். ஓடுகிற காரில்தான் ஒழுக்கு உடனே தெரியும். மூடி வைத்த காரில் துரு யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும்.

அன்று கை இருந்தது, பொருள் இல்லை. இன்று பொருள் கடைக்குக் கடை கிடைக்கிறது, கையைத் தேட வேண்டியிருக்கிறது. இவற்றில் எது முக்கியம் என்று கேட்டால், கை என்றே சொல்வேன். எபாக்சியைப் பணம் கொடுத்து நாளைக்கும் வாங்கலாம். தகர உதட்டை விரலால் தடவி, கனம் சரியில்லை என்று கண்டுபிடிக்கிற பழக்கத்தை எந்த டப்பாவிலும் அடைத்துத் தர முடியாது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்றால்தான் அது கைமாறும்.

உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ நின்றால், அடுத்த இடவப்பாதிக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பின்கண்ணாடியின் கீழ் மூலைகளில் ரப்பரை ஒரு மரக்குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். சருகை எடுத்துவிடுங்கள். டிக்கியைத் திறந்து அந்த விளிம்பின் அடியை விரலால் தட்டிப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் பட்டி போட்டு மூடச் சம்மதிக்காதீர்கள், வெட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பழைய டிங்கர் ஆசான் ஒருவர் இன்னும் இருந்தால், கை நடுங்கினாலும் அவரை அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வேலையைப் பையன் செய்யட்டும். அவருக்கும் அந்த நாளுக்கான கூலியை மறக்காமல் கொடுங்கள்.